ஆடு நோகாத நூல் தேடி பீடோங்குக்கு

சனிக்கிழமை காலை ஈப்போவில் வடக்கே போகும் ரயிலைப் பிடித்தேன். பையில் பின்னல் ஊசிகள் இருந்தன, நூல் இல்லை. பீடோங்கில் இருக்கும் என் தோழி ஸ்டெல்லா, தாதி வேலை கிடைத்து அடுத்த மாதம் அயர்லாந்துக்குப் போகிறாள். "உன் கையால பின்னின ஸ்வெட்டர் ஒண்ணு வேணும்டி" என்று கேட்டிருந்தாள். பின்னுவதில் சிரமமில்லை. எந்த நூலில் பின்னுவது என்பதுதான் சிக்கல்.

நான் வீகன். இறைச்சியும் பாலும் விட்டுச் சில ஆண்டுகள் ஆகின்றன. கம்பளியைக் கடைசியில்தான் விட்டேன். ஆட்டு ரோமம் கத்தரிப்பது நமக்கு முடி வெட்டுவது போலத்தானே என்று நெடுநாள் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு காணொளி பார்த்தேன். ரோமம் அதிகம் கிடைப்பதற்காகத் தோல் மடிப்பு மடிப்பாக இருக்கும்படி வளர்த்தெடுத்த ஆட்டினம் அது. மடிப்பில் ஈ முட்டையிட்டுப் புழு வைக்கும் என்று குட்டியின் பின்புறத் தோலையே சீவி எடுக்கிறார்கள். எல்லாப் பண்ணையிலும் அப்படி இல்லைதான். ஆனால் கையிலிருக்கும் நூல்கண்டு எந்தப் பண்ணையிலிருந்து வந்தது என்று யார் சொல்வார்கள்?

புக்கிட் மெர்த்தாஜாம் தாண்டியதும் ஜன்னலில் செம்பனை வரிசைகள். சற்று நேரத்தில் தூரத்தில் ஜெராய் மலை, தலையில் மேகத்தோடு. மதியத்துக்கு முன்பே சுங்கைப் பட்டாணி வந்துவிட்டது. ஸ்டெல்லா காரோடு காத்திருந்தாள்.

"ஏறு, ஏறு. காடி உள்ளாற ஏர்கோன் போட்டிருக்கேன். அயர்லாந்துக்குப் பிராக்டிஸ் லா!"

தையல் சாமான்கள் விற்கும் கடைக்கு நேராகப் போனோம். கடையை நடத்துபவர் ஐம்பது வயதிருக்கும் ஒரு அக்கா. "ஊல் இருக்காக்கா?" என்று ஸ்டெல்லா கேட்டதும் ஒரு அலமாரி முழுவதையும் காட்டினார். இங்கே பின்னுகிற நூல் எதுவானாலும் பெயர் ஊல்தான்.

"ஆட்டு ரோமம் கலக்காதது வேணும்க்கா."

"ஏன் தங்கச்சி, அலர்ஜியா?"

"இல்லக்கா. ஆட்டை நோகடிக்கிறாங்க, அதான்."

அவர் சிரிக்கவில்லை. யோசித்துவிட்டு மெத்தென்ற ஒரு கண்டை எடுத்து நீட்டினார். மேலே 'மில்க் காட்டன்' என்று இருந்தது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பாலிலிருந்து நூல் எடுப்பதும் உண்டு. மற்ற விவரமெல்லாம் சீன எழுத்தில் இருந்தது. எங்கள் மூவருக்கும் படிக்கத் தெரியாது.

"ஒரு துண்டு கொளுத்திப் பார்க்கலாமாக்கா?"

"கொளுத்தப் போறியா? கடைக்கு வெளியில போய்க் கொளுத்தும்மா!"

சாமி விளக்கேற்றும் லைட்டரைக் கொடுத்துவிட்டு அவரும் கூடவே வந்தார். ரோமமோ பால் நூலோ என்றால் முடி கருகும் வாடை வரும். பருத்தி காகிதம்போல எரிந்து சாம்பலாகும். இது இரண்டும் செய்யாமல் உருகிச் சொட்டிக் கறுப்பு மணியாக இறுகியது. சுத்த பிளாஸ்டிக்.

"பாலும் இல்ல, பஞ்சும் இல்ல, அப்புறம் என்னத்துக்கு இந்தப் பேரு!" என்று அக்கா கண்டைத் திட்டினார்.

ஆட்டுக்கு அதில் தீங்கில்லை. ஆனால் துவைக்கும்போதெல்லாம் தூள் தூளாக உதிர்ந்து ஆற்றுக்குப் போகும். மீனுக்கு மட்டும் வலிக்காதா? கடைசியில் அடித்தட்டிலிருந்து நீலப் பருத்தி நூல் கிடைத்தது, கண்டு ஆறு ரிங்கிட். கொளுத்தினோம். சாம்பல்தான்.

பீடோங் அங்கிருந்து பத்துக் கிலோமீட்டர். பாதி வழியில் ஸ்டெல்லா மெதுவாகக் கேட்டாள்: "பருத்தி அங்க தாங்குமாடி? ஆட்டுக்கு வலிக்கக் கூடாது சரி, எனக்குக் குளிரலாமா?"

பருத்தி கனக்கும், ஈரத்தை இழுக்கும். அந்த ஊர் மழைக்கு அது போதாது என்று எனக்கே தெரியும்.

வீட்டில் அவள் அம்மா எனக்காகப் தே ஓ, அதாவது பால் விடாத தேநீர், கலக்கிக் கொடுத்தார். ஸ்டெல்லா அறைக்குள் போய், தயங்கித் தயங்கி ஒரு சாம்பல்நிற ஸ்வெட்டரோடு வந்தாள். அசல் கம்பளி. ஸ்காட்லாந்தில் வேலை பார்த்துத் திரும்பிய அவள் அக்கா ரீத்தா வீட்டிலேயே விட்டுச் சென்றது.

"நீ வருத்தப்படுவேன்னு காட்டல. இதைப் போடாம இருக்கத்தான் உன்கிட்ட ஸ்வெட்டர் கேட்டேன்."

அதை வாங்கி மடியில் விரித்துப் பார்த்தேன். அந்த ஆட்டுக்கு நேர்ந்தது நேர்ந்துவிட்டது. இதை ஒதுக்கினால் பூச்சிதான் அரிக்கும். அவள் அங்கே புதிதாக ஒன்று வாங்குவாள். அப்போது இன்னொரு ஆடு.

"போட்டுக்கோ. புதுசு மட்டும் வாங்காத."

அவள் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. உடனே போட்டுப் பார்த்து, கழுத்தைச் சொறிந்தாள். "ஐயோ, இங்க குத்துதுடி!"

அப்படியானால் நீல நூலுக்கு வேலை இருக்கிறது என்று தோன்றியது. ஸ்வெட்டர் வேண்டாம், கம்பளிக்கும் கழுத்துக்கும் நடுவே இருக்க ஒரு அகலமான கழுத்துத்துணி. அன்று மாலையே தொடங்கினேன். அவள் அம்மா நூலின் ஒரு முனையைப் பிடித்து, "ரீத்தாவுக்கும் குத்தும்னுதான் விட்டுட்டுப் போனா" என்றார்.

ஞாயிறு மாலை ரயிலில் தெற்கே திரும்பினேன். ஈப்போவில் எங்கள் வீகன் குழு மாதம் ஒருமுறை கூடும். கம்பளி போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தேன் என்றால் அங்கே கட்டாயம் சண்டை வரும். வரட்டும். கொள்கை பேச ஈப்போவில் எனக்கு நிறையப் பேர் இருக்கிறார்கள். அது இன்னொருத்தியின் தோலில் எப்படி உறைக்கிறது என்று பீடோங்குக்குப் போய்த்தான் பார்த்தேன். பினாங்குப் பக்கம் வானம் சிவந்துகொண்டிருந்தது. நான் அடுத்த வரிசையைத் தொடங்கினேன்.