ஆட்சேபணை சொல்ல உரிமையில்லாத நரி

நெல்லித்தோப்பில் யாரைக் கேட்டாலும் அத்ரியான் பிரான்சுக்குப் போய்விட்டார் என்றுதான் சொல்வார்கள். மகள் கூப்பிட்டுக்கொண்டாளாம். மகளாவது மண்ணாவது! அந்த மனுசனுக்குக் கல்யாணமே ஆகவில்லை. முதலில் அவர் மனுசனே இல்லை, நரி; என் கூடப்பிறந்த அண்ணன். நானும் நரிதான். பெரிய மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் கலியமூர்த்தி என்றால் எல்லோருக்கும் தெரியும். மிச்சம் யாருக்கும் தெரியாது.

ஊருக்கு மேற்கே ஏரிக்கரையை ஒட்டி ஒன்பது ஏக்கர் காடு. உள்ளே ஒரு அய்யனார். அதுதான் எங்கள் இடம். உருவம் மாறுவது எல்லா நரிக்கும் வராது. எங்கள் கூட்டத்தில் எங்கள் இரண்டு பேருக்குத்தான் வந்தது. காட்டுக்கு ஆபத்து என்றால் மனுசர்கள் பக்கமிருந்துதான் வரும், அங்கே போய் இருங்கள் என்று எங்களை அனுப்பினார்கள். என் தங்கச்சியும் மற்றவர்களும் காட்டிலேயே இருந்தார்கள்.

அண்ணனை நெல்லித்தோப்பில் பிள்ளையில்லாத ஒரு பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர் வீட்டில் எடுத்து வளர்த்தார்கள். பேர் வைத்தார்கள், பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தார்கள். புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த அறுபத்திரண்டில், பிரெஞ்சுக் குடிமகனாகவே இருக்க விரும்புகிறவர்கள் கையெழுத்துப் போடலாம் என்றதும் ஓடிப்போய்ப் போட்டுவிட்டார். "காகிதம் இருக்கறவன எவனும் ஒண்ணும் கேக்க மாட்டான்டா கலியா" என்பார். அவருக்கு அதில் அப்படி ஒரு நம்பிக்கை.

பட்டாளத்துக்காரர்களின் விதவைகளுக்கு பிரெஞ்சில் கடிதம் டைப் அடித்துக் கொடுப்பதுதான் பிழைப்பு. இஸ்திரி கலையாத சட்டை, மூக்குக் கண்ணாடி, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை. தெரு நாய்கள் மட்டும் கடைசிவரை அவரை ஏற்றுக்கொள்ளவே இல்லை. நாற்பது வருசம் பொறை வாங்கிப் போட்டார். தின்றுவிட்டுக் குரைத்தன.

இரண்டாயிரத்து ஆறில் ஒரு மனைக் கம்பெனி காட்டைக் கேட்டது. முதலில் நாங்கள் எங்கள் வழியில்தான் சண்டை போட்டோம். அளந்து நட்ட குச்சிகளைப் பிடுங்கி எறிந்தோம். பொக்லைன் டிரைவரின் கெண்டைக்காலை நான்தான் கடித்தேன், இன்றைக்கும் அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் கம்பெனிக்காரன் லேசுப்பட்டவனா? 'நரித் தொல்லை இருக்கிறது, காட்டை அழித்தால் ஊருக்கு நல்லது' என்று அந்தக் கடியையே மனுவில் சேர்த்துக்கொண்டான்.

"இனிமே பல்லு வேணாம். காகிதத்துலயே பாத்துக்கலாம்" என்றார் அண்ணன். பதினோரு பக்கத்துக்கு ஆட்சேபணை டைப் அடித்தார். எந்த மரம் எங்கே நிற்கிறது என்பதுகூட இருந்தது.

கருத்துக் கேட்புக் கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில், பட்டப்பகலில். அதிகாரி அடையாள அட்டை கேட்டார். அண்ணன் மேல்பாக்கெட்டிலிருந்து பெருமையாக எடுத்துக் கொடுத்தார். அதிகாரி திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"முசே, நீங்க வெளிநாட்டுக்காரரு. இதுல ஆட்சேபணை சொல்ல உங்களுக்கு உரிமை இல்ல."

"நான் பொறந்ததே அந்தக் காட்டுலதான் சார்."

மண்டபம் சிரித்தது. அடுத்து நான் போனேன். "உழவர்கரை அட்ரஸா? காடு இருக்கற ஊர்க்காரங்கதான் சொல்லணும்" என்று அனுப்பிவிட்டார். ஊர்க்காரர்களோ, பெரிய பண்ணை சக்கரபாணி தலைமையில் எப்போதோ சரி என்று சொல்லிவிட்டார்கள். பிறகு அதிகாரி படித்தார்: "நரிங்க எல்லாம் ஓடிட்டுதாம். காட்டுல இப்ப எந்த மிருகமும் இல்லன்னு ரிப்போர்ட் வந்திருக்கு."

"இல்லியா?" என்றார் அண்ணன். கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "அண்ணே, வேணாம்ணே" என்றேன். மண்டபத்தின் பின்பக்கம் போனார்.

திரும்பி வந்தது நரைத்த மூஞ்சி நரி. நாற்காலிகளுக்கு நடுவே நிதானமாக நடந்து வந்து அதிகாரியின் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தது. அவ்வளவுதான் செய்தது. யாரையும் கடிக்கவில்லை, உறுமக்கூட இல்லை. இதோ இருக்கிறேன், எழுதிக்கொள் என்று காட்டத்தான் வந்தார்.

"வெறி நரிடா!" என்று ஒருவன் கத்தினான். கதவைச் சாத்தினார்கள். பந்தல் கழி, இரும்பு நாற்காலி, கையில் கிடைத்ததெல்லாம் எடுத்தார்கள். சக்கரபாணி என் கையில் ஒரு கழியைத் திணித்தார். "என்னாய்யா பாத்துக்கினு நிக்கற? அடிய்யா!"

எல்லோரும் என்னைப் பார்ப்பதுபோல் இருந்தது. அடித்தேன். மெதுவாகத்தான் அடித்தேன் என்று எழுத ஆசை. இல்லை, மூட்டை தூக்கும் கை அது. அண்ணன் என்னைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தார். தூ, நானும் ஒரு பிறவி!

'நரி ஒன்று இருந்தது, கொல்லப்பட்டது. இனி இல்லை' என்று ரிப்போர்ட்டில் ஒரு வரி சேர்த்துக் கையெழுத்துப் போட்டார்கள். மறுநாளே பொக்லைன் வரப்போகிறது என்று தெரிந்ததும் காட்டுக்கு ஓடினேன். தங்கச்சியையும் மற்றவர்களையுமாவது வடக்கே கரும்புக் கொல்லை வழியாகக் கூட்டிப்போக வேண்டும். அந்த வழி எனக்கு மட்டும்தான் தெரியும்.

தங்கச்சி குட்டிகளோடு புதரை விட்டு வெளியே வந்தாள். கையை நீட்டினேன். கழுவிவிட்டுத்தான் வந்திருந்தேன். மோந்து பார்த்தாள். மறுபடியும் மோந்து பார்த்தாள். பிறகு ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு, மற்றவர்களையும் திருப்பிக்கொண்டு, எனக்கு எதிர்ப்பக்கம், லாரி ஓடும் பைபாஸ் ரோட்டை நோக்கி ஓடினாள்.