புதன்கிழமைச் சவரம்

அப்பா லண்டனில் முதன்முதலாக இன்டர்வியூவுக்குப் போனது எந்த ஆண்டு என்பதில் எங்கள் வீட்டில் இன்றும் தகராறு உண்டு. அம்மா 1990 என்கிறார். நான் 1991 என்பேன். சவுத்தாலில் மாடி அறைக்கு நாங்கள் மாறியது அந்த ஆண்டில்தான். அந்த அறை மூலையில் இருந்த முகம் கழுவும் தொட்டி இல்லாமல் இந்தக் கதையே இல்லை. கிழமையில் மட்டும் எவருக்கும் சந்தேகமில்லை. புதன்.

யாழ்ப்பாணத்தில் அப்பா கணக்காளர். இங்கே பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி ஒட்டினார். ஒரு கவுன்சிலின் கணக்குப் பிரிவிலிருந்து அழைப்பு வந்ததும், அவர் என்ன உடுத்துவது என்ற பொறுப்பைப் பெரியப்பா தன் கையில் எடுத்துக்கொண்டார். அப்பாவின் ஒரே அண்ணன். எங்களுக்கு முன்பே வந்தவர். பெற்றோல் நிலையத்தில் இரவு ஷிப்ட் என்றாலும் வெள்ளைக்காரனைப் பற்றி அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. அப்பாவிடம் கலியாணத்துக்குத் தைத்த மண்ணிற சூட் ஒன்று இருந்தது. பெரியப்பா அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"உந்தச் சூட்டைப் போட்டுக்கொண்டு போனியெண்டா, வந்ததோட இந்த அறையையும் கூட்டிப்போட்டுப் போ எண்டுவாங்கள்."

அம்மா சிரித்துவிட்டார். அப்பா சிரிக்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

புதன் காலை பெரியப்பா ஷிப்ட் முடிந்து நேரே வந்தார். கையில் யாரிடமோ இரவல் வாங்கிய கருநீல சூட், வெள்ளைச் சட்டை, சிவப்பு டை. சவர சாமான்களையும் கொண்டுவந்திருந்தார். முதலில் எங்கள் தொட்டியில் குனிந்து தன் முகத்தை வழித்துக்கொண்டார். தாடையில் இரண்டு இடத்தில் வெட்டிக்கொண்டு, ரத்தத்தின் மேல் கடுதாசித் துண்டுகளை ஒட்டினார். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

"வா தம்பி, சுடுதண்ணி ஆறுது. ஒரு மயிர் நிக்கக் கூடாது. எதிர்ப்பக்கமாயும் ஒருக்கா இழு."

"போதும் அண்ணை, தோல் உரியுது."

"உரியட்டும். தாடியைக் கண்டா உள்ளுக்கே விடமாட்டாங்கள்."

டையை அவரே கட்டி இறுக்கினார். கடைசியாக, அப்பா பூசியிருந்த திருநீற்றைத் தன் பெருவிரலால் அழித்தார். எனக்கு எட்டு வயது. அந்த விரலைக் கடித்துவிடலாம் போல இருந்தது.

பின்னேரம் அப்பா படியேறி வரும்போதே சிரிப்புக் கேட்டது. "நல்லாப் போச்சு அண்ணை!" என்றார். யன்னலோரம் நின்ற பெரியப்பா திரும்பாமலே சொன்னார்.

"அப்பு செத்துப்போனார், தம்பி. திங்கட்கிழமை கொழும்பில இருந்து கோல் வந்தது."

அப்பு என்றால் அவர்கள் இருவரின் தகப்பன். ஊரில் தொலைபேசி இல்லாத காலம். எந்தச் செய்தியும் கொழும்பு வழியாகப் பெரியப்பா வீட்டுப் போனுக்குத்தான் வரும். எங்கள் அறையில் போன் இல்லை. எங்கள் பக்கத்தில் தகப்பனை இழந்த பிள்ளைகள், செய்தி காதில் விழுந்ததிலிருந்து முப்பத்தொரு நாளும் முகத்தில் கத்தி வைக்கமாட்டார்கள். அகதி வழக்கு முடியாமல், கொள்ளி வைக்கவும் போகமுடியாமல், இந்த நாட்டில் கிடந்தவர்களுக்குச் செய்ய மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான்.

அப்பா தன் கன்னத்தைத் தடவினார். பிறகு டையைப் பிடித்து இழுத்தார். பெரியப்பா போட்ட முடிச்சு அவிழவில்லை.

"செத்தவீட்டுக்காரனை வழிச்சு, சிவப்பு டை கட்டி அனுப்பினியோ நீ?"

அண்ணனை அப்பா 'நீ' என்றதை அன்றுதான் கேட்டேன்.

"சொல்லியிருந்தா நீ போயிருப்பியோ? தாடியோட போனா வேலை தருவாங்களோ?"

"என்னைக் கேள்வி கேட்ட மனிசனுக்கு நெஞ்சு வரைக்கும் தாடி! போறதோ விடுறதோ எண்டு நானெல்லோ முடிவெடுக்க வேணும்? எனக்கும் அவர்தானே அப்பு? போ வெளியால!"

அம்மா கத்தரிக்கோல் எடுத்துவந்து டையை வெட்டினார். அப்பா கழற்றி எறிந்த இரவல் சூட்டைப் பெரியப்பா மடித்து எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

வேலை கிடைத்தது. முப்பத்தொரு நாள் முடியுமுன்பே அப்பா அதில் சேர்ந்தார். தாடியோடும் மண்ணிற சூட்டோடும் போனார். ஒருவரும் அவரை அறையைக் கூட்டச் சொல்லவில்லை. ஹரோவில் வீடு வாங்கிக் குடிபோகும் வரை பெரியப்பாவோடு அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. தெருவில் கண்டால் மறுபக்கம் மாறிவிடுவேன்.

அந்தக் கோபம் இன்றும் எனக்குப் போகவில்லை. ஒருவனுடைய துக்கத்தை, அவனைக் கேளாமல், இன்னொருவர் தள்ளிவைக்கக் கூடாது. ஆனால் குடும்பச் சம்பவங்களைத் தேதிவாரியாக எழுதி வைக்கும் பழக்கம் எனக்கு வந்த பிறகுதான், திங்களுக்கு இரண்டு நாள் கழித்துத்தான் புதன் வருகிறது என்பது உறைத்தது. அப்புவின் மூத்த பிள்ளை பெரியப்பா. அப்பாவுக்குப் புதன் பின்னேரம் தொடங்கிய துக்கம் அவருக்குத் திங்களே தொடங்கிவிட்டது. அந்த இரண்டு நாள் தாடியை வழிக்காமல் அவர் நின்றிருந்தால் அப்பா ஒரு பார்வையில் எல்லாவற்றையும் கண்டுபிடித்திருப்பார்.

அதனால்தான் அவர் எங்கள் தொட்டியில், அப்பாவின் கண் முன்னால், முதல் ஆளாகக் குனிந்தார். தாடையில் இரண்டு இடத்தில் ரத்தம் கசிந்ததை நான் பார்த்தேன். இந்த வயதிலும் இவருக்கு ஒழுங்காகச் சவரம் செய்யத் தெரியவில்லை என்றுதான் நினைத்தேன்.