பையில் ஒரு துண்டுச் சுவர்

கடைக்குப் போகிறவர்கள் காலிப் பையோடு போவார்கள். ரமாபாய்க்கோ போகும்போதே பை கனத்தது. உள்ளே அவள் வீட்டுச் சுவர் இருந்தது. முழுச் சுவர் இல்லை, ஒரு துண்டு. போன வருஷம் குழாய் மாற்ற வந்தவர்கள் பாத்ரூமில் உடைத்துப் போட்டது. ஒரு பக்கம் வெள்ளை டைல்ஸ் உடையாமல் ஒட்டியிருந்ததால், தூக்கிப் போட மனசு வராமல் கதவுக்கு முட்டுக் கொடுத்து வைத்திருந்தாள். அதைத்தான் இப்போது ராயபுரத்துக்குத் தூக்கிக்கொண்டு போனாள்.

காரணம் அவள் புருஷன் பீம்ராவ். துறைமுகத்தில் கன்டெய்னர்களை இழுத்துக் கட்டிய ஆள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வாதம் வந்து வலது கையும் காலும் பேச்சு கேட்காமல் போய்விட்டன. ரமாபாய்க்கு மீஞ்சூரில் வேலை, கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் இடத்தில் தரை துடைப்பது. விடிகாலையில் பேசின் பிரிட்ஜில் ரயிலேறினால், புளியந்தோப்பு ஆறாவது மாடி வீட்டுக்குத் திரும்பச் சாயங்காலம் ஐந்து மணி ஆகிவிடும். அதுவரை அவர் தனியாகத்தான் இருக்க வேண்டும்.

தினமும் ஒரு பெரிய பாட்டில் நிறையத் தண்ணீர் வைத்துவிட்டுப் போவாள். சாயங்காலம் பாட்டில் காலியாக இருக்கும். மனுஷன் ஒழுங்காகக் குடிக்கிறார் என்று நிம்மதியாக இருந்தாள். ஆடி மாசம் அவருக்கு நடுக்கி எடுத்து ஜுரம் வந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டாள், “இவர் தண்ணியே குடிக்கிறதில்லையா? சிறுநீர்ல கிருமி. இப்படியே போனா கிட்னிக்கு ஆபத்தும்மா.”

ஜன்னலோரத் தொட்டியில் இருந்த செம்பருத்தி ஏன் அப்படித் தழைத்தது என்று அன்றைக்குத்தான் ரமாபாய்க்கு விளங்கியது.

“குட்சா பாத்ரூமுக்கு எய்ந்து போவணும் ரமா,” என்றார் பீம்ராவ், அவள் முகத்தைப் பார்க்காமல். “போனா வுயுந்துடறேன். அன்னிக்கி வுயுந்து, நீ வர்ற வரிக்கும் ஈரத்துலயே கெடந்தேனே. அதுக்கு குடிக்காமியே இருந்துட்டு போறேன்.”

முதலில் அவளுக்குக் கோபம் வந்தது. பிறகு அழுகை வந்தது. ஊருக்கே குடிதண்ணீர் அனுப்பும் இடத்தில் வேலை செய்கிறோம், கட்டினவன் தொண்டை காய்ந்து கிடக்கிறானே என்று மனசு ஆறவில்லை. மறுநாளே பாத்ரூமில் பிடித்துக்கொண்டு எழுந்திருக்க ஒரு ஸ்டீல் கைப்பிடி வாங்கி வந்தாள். நான்கு ஓட்டை போட்டு மாட்ட வேண்டும், அவ்வளவுதான் வேலை. அந்த அவ்வளவுதான் மூன்று வாரம் இழுத்தது.

எலக்ட்ரீஷியன் ஸ்டானிஸ்லாஸ் கையடக்க ட்ரில்லோடு வந்தான். அது டைல்ஸின் மேல் வழுக்கி ஒரு கீறல் போட்டதோடு சரி.

“யக்கா, இது செங்க சொவுரு இல்ல, முய்க்க காங்கிரீட்டு. பெரிய மிஷினு கொண்டாரணும். இந்த ஈரத்துல ஒயரு இஸ்துகினு நின்னேன்னு வெச்சிக்கோ, எனக்கு சங்குதான். நாளிக்கி பாக்கலாம்.”

அவனுடைய நாளைக்கு வரவே இல்லை. பக்கத்து வீட்டு ஞானசெல்வியிடம் போனில் பார்த்து மலிவாக வாங்கிய பேட்டரி ட்ரில் ஒன்று இருந்தது. பெட்டியில் நாற்பத்தெட்டு வோல்ட் என்று கொட்டை எழுத்து. ஸ்க்ரூ முடுக்கவே அதற்கு மூச்சு வாங்கியது. எழுத்தை நம்பி ஏமாறுகிறவள் நான் இல்லை என்று சொல்லித்தான் ரமாபாய் சுவரைப் பையில் போட்டாள். நாக்பூர் தீட்சா பூமிக்கு யாத்திரை போவதற்கென்று இருவரும் எடுத்து வைத்திருந்த பணத்தையும் இடுப்பில் சொருகிக்கொண்டாள். இந்த வருஷம் அவரால் ரயிலேற முடியாது.

ராயபுரத்தில் வேதமாணிக்கம் அண்ணாச்சியின் ஹார்டுவேர் கடையில் ஒரு வழக்கம் உண்டு. எந்த ட்ரில்லாக இருந்தாலும் கல்லாவுக்குப் பக்கத்தில் கிடக்கும் பலகையில் ஒரு ஓட்டை போட்டுக் காட்டுவார். பலகையில் எல்லா ட்ரில்லும் சிங்கம்தான். அவர் எடுத்த முதல் மிஷின் வாழைத்தண்டில் இறங்குவதுபோல இறங்கியது.

“நான் பலகையில குடித்தனம் பண்ல அண்ணாச்சி,” என்று ரமாபாய் பையைத் திறந்து துண்டை மேஜைமேல் வைத்தாள். “இதான் எங்க வூட்டு சொவுரு. இதுல போட்டுக் காமி.”

அண்ணாச்சி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். முப்பது வருஷ வியாபாரத்தில் சுவரைக் கூட்டிக்கொண்டு வந்த வாடிக்கையாளரை அவர் பார்த்ததில்லை. சிரித்துக்கொண்டே முனையை மாற்றி அழுத்தினார். டைல்ஸ் ஓட்டையானது. காங்கிரீட் வந்ததும் மிஷின் கத்தியது, முனை பளபளத்தது, சுவர் அசையவில்லை.

“இதுக்குச் சுத்தியல் அடி அடிக்கிற மிஷின் வேணும்மா. வோல்ட்டைப் பாக்காதிய. மிஷின் கழுத்துல உள்ள இந்த வளையத்துல சுத்தியல் படம் இருக்கான்னு பாருங்க.” மேல்தட்டிலிருந்து ஒரு பெட்டியை இறக்கினார். ஆனால் ஒட்டிய சீலின் மேல் கையை வைத்துக்கொண்டே நின்றார். “மரத்துல ஓட்டுனா தொடைச்சு வச்சிருவேன். காங்கிரீட்டுல இறக்குனா பழசாயிரும். ஓட்டை விழாம நீங்க போயிட்டியன்னா, இதை யாருகிட்ட விக்க?”

நியாயமான பேச்சு.

“எங்க வூட்டுக்காரு தண்ணி குடிக்கணும் அண்ணாச்சி,” என்றாள்.

அவருக்குப் புரியவில்லை. அவள் எல்லாவற்றையும் சொன்னாள், செம்பருத்தி உட்பட. கடையில் இன்னும் இரண்டு பேர் நின்றதுகூட அவளுக்கு உறைக்கவில்லை. சொல்லி முடித்தபோது அண்ணாச்சி கத்தரிக்கோலைத் தேடிக்கொண்டிருந்தார்.

“டைல்ஸ் தாண்டுத வரைக்கும் அடி வேண்டாம், சும்மா சுத்தட்டும்,” என்று காட்டினார். “தாண்டினப்புறம் வளையத்தைத் திருப்பணும்.” திருப்பினார். மேஜை அதிர்ந்தது, வெள்ளைத் தூள் கொட்டியது, சுவரில் ஒரு விரல் ஆழத்துக்கு ஓட்டை விழுந்தது. ரமாபாய் அதில் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தாள். இரண்டு பேட்டரி உள்ள பெட்டியை அவள் பார்த்ததும் அண்ணாச்சியே தடுத்தார். வீட்டு வேலைக்கு ஒன்று போதும், இன்னொன்று தண்டச் செலவு என்றார். அப்படியும் நாக்பூர் பணத்தில் பெரும்பங்கு அங்கேயே போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை பீம்ராவைப் பாத்ரூமில் நாற்காலி போட்டு உட்கார வைத்தாள்.

“கண்ண மூடிகினு, எய்ந்துக்கசொல்லோ எங்க புடிப்பியோ அங்க கைய வையி.”

அவர் இடது கையை நீட்டினார். அது போய் நின்ற இடம், இத்தனை நாள் அவள் குனிந்து தோள் கொடுத்த உயரம். அந்த இடத்தில் பென்சிலால் குறித்தாள். முதல் ஓட்டை முடிவதற்குள் சத்தம் கேட்டு நான்கு வீட்டுக்காரர்கள் ட்ரில்லை இரவல் கேட்டு வாசலில் நின்றார்கள். கைப்பிடி ஏறாமல் யாருக்கும் கிடையாது என்று உள்ளிருந்தே கத்தினாள். மாட்டி முடித்ததும் அவளே அதைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தாள். அசையவில்லை.

திங்கட்கிழமை வழக்கம்போல பாட்டிலை நிரப்பி வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். சாயங்காலம் வந்தபோது பீம்ராவ் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டில் காலியாக இருந்தது. காலிப் பாட்டிலை நம்பி ஒருமுறை ஏமாந்தவள் அவள். நேராக ஜன்னலுக்குப் போய்த் தொட்டிக்குள் விரலை விட்டாள்.

மண் காய்ந்திருந்தது. செம்பருத்தி இலைகள் தொங்கிப் போயிருந்தன. ரமாபாய் அழுதுகொண்டே ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு வந்து செடிக்கு ஊற்றினாள்.