இந்தூரில் வாங்கிய மல் துணி

கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துத்தான் என் மனைவி முழுகாமல் இருந்தாள். எழுபதுகளின் கடைசி. நான் நாமக்கல்லில் லாரி டிரைவர். பிரசவத்துக்கு அவளைத் திருச்செங்கோட்டுப் பக்கம் அவள் அம்மா வீட்டில் விட்டுவிட்டு, ஜவ்வரிசி லோடு ஏற்றிக்கொண்டு இந்தூருக்குப் போனேன். நாள் கிடக்கிறது, வந்துவிடலாம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

லோடை இறக்கியதும் கடைவீதியில் சாவி கொடுத்தால் ஓடும் பொம்மை ஒன்றை எடுத்தேன். கூட வந்த மூத்த டிரைவர் அதை வாங்கித் திரும்ப வைத்தார்.

“பொறந்த கொழந்தைக்குப் பொம்மை எதுக்குப்பா? துணிதான் வேணும். மல் துணியாப் பாத்து எடு. ஒடம்புல உறுத்தாது, தொவைச்சாச் சீக்கிரம் காயும். அடியில விரிக்க ஒரு ரப்பர் சீட்டு, பால் ஊட்ட ஒரு சங்கு. போதும்.”

அப்படியே வாங்கினேன். அவர் தன் பங்குக்கு ஒரு கம்பளிக் குல்லா வாங்கித் தந்தார். மார்கழிக் குளிர். குல்லாவை என் முஷ்டியில் மாட்டிக்கொண்டு, மகனா மகளா என்று வெகுதூரம் பேசிக்கொண்டே வந்தோம்.

மாமியார் ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது, ரோட்டோரக் காட்டில் மஞ்சளுக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த மச்சான், என் மனைவியின் அண்ணன், மண்வெட்டியைப் போட்டுவிட்டு வந்தார். “வாங்க மாப்ள” என்று பையை வாங்கிக்கொண்டார். கொஞ்ச தூரம் நடந்த பிறகுதான் சொன்னார்.

“பொண்ணு மாப்ள. நாளாகாமப் பொறந்துருச்சு. மறுநாளே போயிருச்சு. லாரில போற உங்களுக்கு எங்கீன்னு சொல்லியுடறது?”

காட்டின் கோடியைக் காட்டினார். புது மண். நாய் தோண்டாமலிருக்க மேலே முள் வெட்டிப் போட்டிருந்தார்கள்.

வீட்டில், பையை உள்ளே கொண்டுபோகும்படி அத்தை மச்சானுக்குக் கண் காட்டினார். என் மனைவி பார்த்துவிட்டாள்.

“அதக் குடுங்கண்ணா.”

ஒவ்வொன்றாக எடுத்து மடியில் வைத்தாள். துணியைக் கன்னத்தில் ஒற்றிப் பார்த்தாள்.

“நல்ல துணிங்க” என்றாள். “பழைய சேலையக் கிழிச்சுத்தான் அவளச் சுத்துனாங்க. அவரு வெறுங்கையோட வரமாட்டாரு, செத்த இருங்கன்னேன். யாரும் கேக்கலைங்க.”

யார் சாயல் என்று கேட்டேன்.

“காது உங்களுதுங்க. தலை நெறைய முடி.”

அவளுக்குக் காய்ச்சல் அடித்தது. பால் கட்டி மார்பு கல்லாகியிருந்தது. அத்தை எங்கெங்கோ தேடி மல்லிகைப்பூ வாங்கி வந்திருந்தார். பூவை வைத்து மார்பை இறுக்கிக் கட்டினால் பால் வற்றும் என்பார்கள். கட்டுவதற்கு அகலமான துணி தேடினார். அவள் மல் துணியை நீட்டினாள்.

“இதுலயே கட்டும்மா.”

“அது வேண்டாஞ் சாமி, வேற தாரேன்.”

“அவளுக்கு வந்ததுதான? அவ பாலுக்கே இருக்கட்டும்.”

அத்தை சுற்றிக் கட்ட, நான் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன். கட்டி முடிப்பதற்குள் துணி நனைந்துவிட்டது. அவள் அப்போதுதான் அழுதாள். நான் முனையை விடவில்லை.

மறுநாள் காலையில் காட்டுக்குப் போய், முள்ளை விலக்கி, அந்தக் குல்லாவை மண்ணுக்குள் வைத்து மூடிவிட்டு வந்தேன். பனி இறங்கிக்கொண்டிருந்தது.

சில வருஷம் கழித்து மகன் பிறந்தான். அதுவரை நாங்கள் ஒரு துண்டுத் துணிகூட வாங்கி வைக்கவில்லை. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அவன் அழும் சத்தம் கேட்ட பிறகே கடைக்கு ஓடினேன். கடைக்காரர் எத்தனையாவது குழந்தை என்று விசாரித்தார். ரெண்டாவது என்றேன்.

“அப்பறம் எதுக்குங்க இத்தன துணி? மொதக் கொழந்தையோடதே போதுமே. தொவைச்சுத் தொவைச்சு மெத்துன்னு இருக்கும்.”

“இல்லீங்க, புதுசே குடுங்க” என்றேன்.