பிடோக்கில் அணைந்த விளக்கு, கிராஞ்சியில் கிடைத்த பழுது

மோட்டார்ஹோம் என்னும் வீட்டு வண்டியில் ஊர் சுற்றக் கிளம்பும் இரண்டு வாசகர்கள், வண்டியின் உள்விளக்கு அடிக்கடி அணைகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தார்கள். எனக்கு அதில் அனுபவம் உண்டு. அறுபதுகளின் தொடக்கத்தில், கல்யாணமாகி மூன்று மாதத்தில், நானும் சரோஜாவும் அப்படி ஒரு வண்டியில் சிங்கப்பூரைச் சுற்றினோம். சின்னத் தீவுதான். ஆனாலும் அதற்குப் பிறகு போன எந்தப் பயணமும் என்னை அவ்வளவு களைக்க வைத்ததில்லை.

ஏன் போனோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சிராங்கூன் சாலையில் ஒரு கடைவீட்டின் மாடியில் ஒன்பது பேர் இருந்தோம். எங்களுக்கென்று இருந்தது ஒரு திரைச்சீலை மட்டும். சரோஜாவுக்குச் சின்ன வயதுக் காய்ச்சலில் காது போய்விட்டது. பேசுவாள், நாம் பேசுவதை உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். தன் குரல் எவ்வளவு உரக்க வருகிறது என்று அவளுக்குத் தெரியாது. அதனாலேயே வீட்டில் வாயைத் திறக்க மாட்டாள். நாங்கள் பேசிக்கொள்ள ஓர் இடம் வேண்டியிருந்தது.

என் அலுவலகத்தில் மூத்த கிளார்க் கந்தையா அண்ணன், யாழ்ப்பாணத்துக்காரர். ஊர் திரும்பிய ஓர் ஆங்கிலேயரிடம் அந்த வண்டியை வாங்கி, புதிதாக வண்ணம் அடித்து வைத்திருந்தார். உள்ளே ஒரு படுக்கை, மண்ணெண்ணெய் அடுப்பு, கூரையில் ஒரு விளக்கு. “கொண்டு போங்கோ தம்பி. எஞ்சின் திறம். உள்ளுக்கு லைட் மட்டும் சில நேரம் குழப்படி செய்யும்” என்றார்.

முதல் நாள் பிடோக். வீட்டிலிருந்து ஏழு மைல் இருக்கும். அப்போது அங்கே அடுக்குமாடிகள் இல்லை. தென்னை மரங்களைத் தாண்டினால் கடல். சாப்பிட்டு முடித்து விளக்கைப் போட்டேன். சரோஜா எதிரே உட்கார்ந்து, “ஏங்க, ஒண்ணு சொல்லணும்” என்றாள். விளக்கு அணைந்தது.

பல்பைத் திருகிப் பார்த்தேன். ஃபியூஸைத் தேடினேன். அதைக் கண்டுபிடிப்பதற்குள் டார்ச்சின் பேட்டரியும் தீர்ந்துபோனது. அப்போதுதான் உறைத்தது: இருட்டில் அவள் பேசினால் எனக்குக் கேட்கும். நான் பேசினால் அவளுக்குத் தெரியாது.

அவள் பேசினாள். “அந்த வீட்டுல என்னால முடியலைங்க. எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கிட்டுத்தான் என்னைப் பத்திப் பேசுறாங்க. அது எனக்குத் தெரியாதா? நான் ஜொகூருக்கு, அம்மாகிட்டயே போயிடுறேன். நீங்க என்ன சொல்றீங்க?”

நான் வீட்டுக்கு மூத்த பிள்ளை. வீட்டை விட்டு வருவது அவ்வளவு சுலபமில்லை. அடுப்படியில் தடவி, பெட்டியில் மிச்சமிருந்த ஒரே தீக்குச்சியைக் கிழித்து முகத்தருகே பிடித்தேன். ஒரு குச்சி எரிகிற நேரத்தில் எவ்வளவு சொல்ல முடியும்? “நாளைக்கு” என்றேன். குச்சி விரலைச் சுட்டது. அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

விடிந்த பிறகும் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்காதவளிடம் நான் எதையும் சொல்ல முடியாது. உண்மையில், பதில் யோசிப்பதைவிட விளக்கைச் சரிசெய்வது எனக்குச் சுலபமாகவும் இருந்தது. ஜாலான் புசார் பட்டறை ஒன்றில் வண்டியை விட்டேன். மெக்கானிக் மாணிக்கம் புது பல்ப் போட்டார், எரிந்தது, அணைந்தது. ஃபியூஸ் மாற்றினார், அப்படியேதான். “சுவிட்ச்தான் போச்சு லா” என்று அதையும் மாற்றியபோது நன்றாக எரிந்தது. வெயிலில் நின்று தலை வலித்தது. இனி போதும் என்று கிளம்பினேன்.

புக்கிட் தீமா சாலை வழியாகக் கிராஞ்சி. கோழிப் பண்ணைகளும் ரப்பர் மரங்களும் இருந்த ஓர் ஓரமாக நிறுத்தினேன். சூரியன் இறங்கும்போது சுவிட்சைப் போட்டேன். எரியவில்லை. இனிமேல் எதைக் கழற்றுவது என்று தெரியாமல் படுக்கையில் சாய்ந்துவிட்டேன்.

பாத்திரம் கழுவிய தண்ணீரைக் கொட்டிவிட்டு வந்த சரோஜா, இருந்த கோபத்தில் பின்கதவை ஓங்கிச் சாத்தினாள். விளக்கு எரிந்தது.

இருவரும் விளக்கைப் பார்த்தோம். அவள் கதவைத் திறந்தாள், அணைந்தது. சாத்தினாள், எரிந்தது. “கதவுலதாங்க இருக்கு” என்றாள். ஒரு நாளுக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் சொல் அது.

மிச்சமிருந்த வெளிச்சத்தில் கதவின் சட்டத்தைத் தடவினோம். விளக்கிலிருந்து வரும் எர்த் கம்பியை அங்கே ஒரு போல்ட்டில் முடுக்கியிருந்தார்கள். புது வண்ணத்தின் மேலேயே முடுக்கியதால் கம்பி இரும்பைத் தொடவில்லை, போல்ட்டும் தளர்ந்திருந்தது. பேட்டரியைக் கழற்றிவிட்டு, காய் நறுக்கும் கத்தியால் வண்ணத்தைச் சுரண்டி, போல்ட்டை இறுக்கினேன். பேட்டரியை மாட்டியதும் எரிந்த விளக்கு, கதவை எப்படி ஆட்டினாலும் அணையவில்லை.

கேட்டவர்களுக்கு என் யோசனை இதுதான். கரண்ட் விளக்குக்குக் கம்பியில் போகிறது. பழைய வண்டிகளில் திரும்பி வருவது வண்டியின் இரும்பு உடம்பு வழியாக. பல்ப், ஃபியூஸ், சுவிட்ச் என்று காசைக் கொட்டுவதற்கு முன்னால் அந்த எர்த் போல்ட்டைப் பாருங்கள். குலுங்கும்போது விளக்கு மினுங்கினால் பெரும்பாலும் பழுது அங்கேதான். டார்ச்சுக்கு மாற்று பேட்டரி எடுத்துக்கொள்ளுங்கள்.

சரோஜாவுக்கு நான் சொன்ன பதிலையும் எழுதிவிடுகிறேன். பஃபலோ ரோட்டில் ஓர் அறை எடுத்தோம். என் அம்மா வெகு நாள் எங்களோடு பேசவில்லை. ஆனால் அவை எல்லாம் பிறகு. அன்று விளக்கின் கீழ் அவள் எதிரே உட்கார்ந்து, நிதானமாகச் சொன்னேன்:

“நீ தனியாப் போகவேணாம். நானும் வீட்டை விட்டு வர்றேன். நமக்குன்னு ஒரு ரூம் பார்ப்போம்.”

அவள் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னொரு தரம் சொல்லுங்க” என்றாள்.

“விளங்கலையா?”

“விளங்கிச்சு. சொல்லுங்க.”