குமுதா கேட்கச் சொன்ன கேள்வி

குமுதா லேசில் மன்னிக்க மாட்டாள் என்பது மலேசியாவில் கிள்ளானை அடுத்த மேருவில் அவளைத் தெரிந்த எல்லாருக்கும் தெரியும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாணத்தில், அவள் கட்டியிருந்த பட்டு இரவல் என்று பக்கத்து வீட்டு உஷாராணி யார் காதிலோ சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து எந்த விசேஷத்துக்குப் போனாலும் குமுதா முதலில் உஷாராணி எங்கே இருக்கிறாள் என்று பார்ப்பாள். பிறகு அவளுக்கு முதுகு காட்டும் நாற்காலியாகத் தேடி உட்காருவாள். மணமேடையே பின்பக்கம் போனாலும் சரி.

"பட்டு இரவல்தான். அதுக்காக அவ சொல்லலாமா?" என்பாள்.

நாற்பத்திரண்டு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா நல்லம்மாளோடும் தம்பி ராஜனோடும் ஒரு மலிவு விலை அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் இருந்தாள். தொழிற்பேட்டையில் சோபா செய்கிற கம்பெனியில் உறை தைக்கிற வேலை. தடித்த துணிக்கு ஏற்ற பெரிய தையல் மெஷின் அது. நாள் முழுக்க வலது பாதத்தால் மிதியை அழுத்தியும் விட்டும் ஓட்ட வேண்டும். ஒரு முழு சோபாவுக்கான உறையை அவள் தைத்து முடிக்கிற வேகத்தில் அங்கே வேறு யாராலும் முடிக்க முடியாது. அதைப் பற்றி அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு, ராஜனைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். சாலையின் இடது ஓரமாகத்தான் போனாள். பின்னாலிருந்து வந்த மணல் லோரி அவளை முந்தியது. முந்திய கையோடு, சைகை விளக்கும் போடாமல், இடது பக்கம் இருந்த மணல் கிடங்கு வாசலுக்குள் திரும்பியது. லோரியின் பின்சக்கரம் மோட்டார் சைக்கிளை இழுத்துக்கொண்டது. ராஜன் புல்லில் போய் விழுந்தான். அவனுக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். குமுதாவின் வலது கால் மூன்று இடத்தில் ஒடிந்தது.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்கு இராமலிங்கம் வந்தார். லோரிக்குச் சொந்தக்காரர், அவர்கள் வட்டாரத்துக் கோயிலின் தலைவர். கையில் பழக்கூடை. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, மைக்கில் பேசுகிற அதே குரலில் பேசினார்.

"ஏதோ நடந்துருச்சு தாயி. நம்ம நேரம். கோர்ட்டு கீர்ட்டுன்னு போயிடாத. நாமெல்லாம் ஒரே கோயில் ஆளுங்க."

"நடந்துருச்சா, ஒங்க ஆளு நடத்துனானா அங்கிள்?"

இராமலிங்கம் சிரித்தார். "ஒன் தம்பியே போலீஸ்ல தெளிவா ரிப்போர்ட் குடுத்துட்டான்லா. நீ ரெஸ்ட் எடு."

விபத்து நடந்தால் ஒரு நாளைக்குள் போலீசில் புகார் கொடுத்தாக வேண்டும். குமுதா மயக்க மருந்தில் கிடந்தபோது ராஜன் போய்க் கொடுத்திருந்தான். கூடப் போனது இராமலிங்கத்தின் அலுவலக ஆள். அந்தப் புகாரின் நகலைக் குமுதா மூன்று வாரம் கழித்து, வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்த்தாள். மலாயில் எழுதியிருந்தது. லோரி இடது பக்கம் திரும்பும்போது என் அக்கா அதன் பக்கவாட்டில் இடித்தாள் என்று இருந்தது. மலாயில் 'டிலங்கார்' என்றால் இடிபட்டாள். 'மெலங்கார்' என்றால் இடித்தாள். முன்னால் ஒட்டுகிற ஓர் அசைதான் வித்தியாசம். காகிதத்தில் இருந்தது மெலங்கார்.

அன்றைக்கே தாங்குகட்டையோடு போலீஸ் நிலையத்துக்குப் போய்த் தன் புகாரைத் தானே எழுதிக் கொடுத்தாள். ஆனால் முதல் புகார் முதல் புகார்தான். அடுத்த மாதம், கவனமில்லாமல் ஓட்டியதாக அவள் பெயருக்கே அபராதச் சீட்டு வந்தது.

"கட்டிடுக்கா, முடிஞ்சுரும்லா," என்றான் ராஜன்.

தொழிற்சாலையில் கூட வேலை செய்யும் இராஜம்மாதான் தடுத்தாள். "கட்டுனா தப்ப நீ ஒத்துக்கிட்டன்னு அவங்க வக்கீல் சொல்லுவான். என் வீட்டுக்காரருக்கு இப்படித்தான் ஆச்சு. மொதல்ல ஒரு லாயரப் பாரு."

பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் சிவமலரின் அலுவலகம் இருந்தது. சின்ன உருவம், பெரிய மூக்குக்கண்ணாடி, எதையும் அவசரப்படாமல், யாழ்ப்பாணத் தமிழ் கலந்து சொல்லும் பெண். குமுதாவுக்கு விளக்கமாகவே சொன்னாள். அபராதத்தை எதிர்த்து வழக்காடலாம். வேலைக்குப் போகிற வழியில் அடிபட்டதால் பெர்கேசோ என்கிற தொழிலாளர் காப்பீட்டு உதவி தனி, அது யார் தப்பு என்று பார்க்காது. லோரி மேல் போடும் வழக்கு வேறு, அங்கேதான் தப்பு யாருடையது என்ற கேள்வி. போலீஸ் வரைந்த சாலைப் படத்தில் கண்ணாடிச் சில்லுகள் இடது ஓரத்தில் கிடந்ததாகக் குறித்திருக்கிறார்கள், அது நமக்கு நல்லது. ஜெயித்தால் இழப்பீட்டை இன்சூரன்ஸ் கம்பெனி கொடுக்கும்.

"அப்ப இராமலிங்கத்துக்கு என்ன நஷ்டம் மேடம்?"

"அவருக்கா? பெரிசா ஒண்டும் இல்ல."

"அப்ப இது என்ன நியாயம்?"

சிவமலர் பேனாவை மூடினாள். "சட்டத்தில இவ்வளவுதான் குமுதா. நடந்த பாதிப்புக்கு ஈடு குடுக்கும். ஆளைத் தண்டிக்கிறது இந்த வழக்கோட வேலை இல்ல."

"எனக்கு அவரு கோர்ட்ல உக்காந்து கேக்கணும். நாலு பேரு முன்னால அவரு செஞ்சத ஒருத்தன் வாய்விட்டுச் சொல்லணும். அதுக்கு என்ன செய்யணும்னு சொல்லுங்க."

"அதுக்கு வழக்கு விசாரணை வரைக்கும் போகணும்."

"போலாம்."

அபராத வழக்கை எதிர்த்து நின்றதில் அரசுத் தரப்பு அதைக் கைவிட்டது. அதற்குள் எலும்பு சேர்ந்துவிட்டது, ஆனால் கால் ஓர் அங்குலத்துக்கு மேல் குட்டையாகிவிட்டது. வலது செருப்புக்கு மட்டும் அடி உயர்த்தித் தைத்துக்கொண்டாள். தொழிற்சாலையில் அவளை நூல் வெட்டும் மேசைக்கு மாற்றினார்கள். அவளுடைய மெஷினில் இப்போது ஒரு நேபாளத்துப் பெண் உட்கார்ந்திருந்தாள். நல்ல பெண். குமுதா அவளிடம் பேசுவதில்லை.

அந்த நாட்களில் புகாரில் இருந்த சொல்லைப் பற்றி ராஜனிடம் அவள் ஒரு முறைதான் கேட்டாள். "பதட்டம்க்கா. என்னா சொன்னேன்னே தெரியல" என்றான். தூக்கி வளர்த்த தம்பி. எழுத்தை மாற்றியது இராமலிங்கத்தின் ஆள்தான் என்று அவளும் நம்பினாள்.

உடற்பயிற்சி சிகிச்சைக்காகக் கிள்ளானுக்குப் போன ஒரு நாள், சமிக்ஞை விளக்கில் வாடகைக் காருக்குப் பக்கத்தில் ஒரு மணல் லோரி வந்து நின்றது. கதவில் இராமலிங்கத்தின் கம்பெனிப் பெயர். ஓட்டுகிற இடத்தில் ராஜன். ஒரு கடையில் வேலை என்று அவன் வீட்டில் சொல்லி மூன்று மாதமாகியிருந்தது. அவன் அவளைப் பார்க்கவில்லை. சுவிங்கம் மென்றுகொண்டு பாட்டுக்குத் தலையாட்டினான்.

மறுநாள் ராஜனின் துணிமணிகளை இரண்டு பையில் போட்டு வாசலில் வைத்தாள்.

"கூடப் பொறந்தவன்டி!" என்று நல்லம்மாள் அழுதாள்.

"அதான். வெளியாளா இருந்தா விட்டுருப்பேன்."

"எவளை விட்டிருக்க நீ இதுவரைக்கும்?"

குமுதா உள்ளே போய் அவனுடைய செருப்பையும் எடுத்துவந்து பைகளுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

விசாரணைக்கு ஒரு வாரம் இருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை காலை, நல்லம்மாள் ஏற்பாட்டில் ராஜன் வந்தான். லோரியை அன்று ஓட்டியவன் வேலையை விட்டு எங்கோ போய்விட்டதால், இராமலிங்கத்தின் தரப்புக்கு இருந்த ஒரே சாட்சி ராஜன்தான். சோபா நுனியில் உட்கார்ந்து சாவிக்கொத்தை உருட்டினான்.

"க்கா, நான் ஒரு வழி வெச்சிருக்கேன். அவங்க என்னைத்தான் கூப்புடுறாங்க. கூண்டுல ஏறி, எனக்கு மலாய் சரியா வராது, 'டிலங்கார்'னு சொல்ல நெனச்சேன், வாய் தவறி 'மெலங்கார்'னு வந்துருச்சுன்னு சொல்லிடுறேன். லோரி சிக்னல் போடலன்னும் சொல்லிடுறேன். நீ ஜெயிச்சுருவ. பாஸும் என்னை ஒண்ணும் செய்ய முடியாது, மொழி தகராறுதானே. எல்லாருக்கும் நல்லது."

"ஒனக்கு மலாய் வராதா?"

ராஜன் அசடு வழிந்தான். பள்ளியில் மூன்றாம் படிவத்தில் மலாய்ப் பேச்சுப் போட்டியில் அவன் வாங்கிய கோப்பை அலமாரியில் இருந்தது. பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் ஐந்து வருஷம் கைத்தொலைபேசி உறை விற்றவன்.

"அங்க யாருக்குத் தெரியும்லா?" என்றான்.

"சரி. ஒன் இஷ்டம்," என்றாள் குமுதா. அம்மா நெஞ்சில் கைவைத்துப் பெருமூச்சு விட்டாள். தம்பி போகும்போது அவனுக்குக் காப்பிகூடக் கிடைத்தது.

விசாரணை நாள் காலையில், கிள்ளான் நீதிமன்றத் தாழ்வாரத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் வந்து சமரசம் பேசினார். தப்பில் பாதி உங்களுடையது, பாதி எங்களுடையது, இத்தோடு முடித்துக்கொள்ளலாம். சிவமலர் அதைச் சொன்னதும் குமுதா குச்சியை ஊன்றிக்கொண்டு எழுந்தாள்.

"பாதித் தப்பா? நான் பாதியா மேடம் லோரிக்குள்ள போனேன்? உள்ள போலாம்."

குமுதாவின் சாட்சியம் மதியம் வரை போனது. எதிர்த்தரப்பு வக்கீல் அவளுடைய புகார் மூன்று வாரம் கழித்து யோசித்துச் சொன்ன கதை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு ராஜன் கூண்டில் ஏறினான். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டுக்கொண்டான். முன்வரிசையில் இராமலிங்கம் வெள்ளைச் சட்டையில், கைகளை மடியில் கோத்து உட்கார்ந்திருந்தார்.

ராஜன் சொன்னபடியே சொன்னான். லோரிதான் இடித்தது. சிக்னல் போடவில்லை. எனக்கு மலாய் சரியாகத் தெரியாததால் சொல் மாறிவிட்டது. இராமலிங்கத்தின் வக்கீல் கையிலிருந்த காகிதங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் உட்கார்ந்துவிட்டார்.

சிவமலருக்கு முகம் மலர்ந்தது. குமுதாவின் பக்கம் குனிந்து மெல்லச் சொன்னாள். "இதுக்கு மேல ஒரு கேள்வியும் வேணாம். நான் கேக்கலன்னாலே நமக்குப் போதும்."

குமுதா ஒரு துண்டுத்தாளை நீட்டினாள். அதில் இரண்டே வரி: இவனுக்கு மலாய் நன்றாகத் தெரியும். பாசார் மாலாமில் உறை எப்படி விற்றான் என்று மலாயிலேயே கேளுங்க.

சிவமலர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள். "இதைக் கேட்டா அவர் சொன்னது முழுக்க விழுந்துரும். சிக்னல் விஷயமும் சேத்துத்தான். விளங்குதா?"

"விளங்குது. கேளுங்க."

"ஏன் குமுதா?"

"வாய் தவறிச்சுன்னு முடிஞ்சா இராமலிங்கம் கையத் தட்டிட்டு எந்திரிச்சுப் போயிடுவாரு. கேளுங்க மேடம். இல்லன்னா நானே எந்திரிச்சுக் கேப்பேன்."

அவள் ஒரு பொய்யைப் பொய் என்று சொன்ன பிறகு சிவமலரால் சும்மா உட்கார்ந்திருக்கவும் முடியாது. எழுந்தாள். முதலில் தமிழில் மெதுவாக விசாரித்தாள். வேலை என்ன, முன்னால் என்ன செய்தீர்கள், பாசார் மாலாமிலா, அப்படியா. பிறகு சிரித்த முகத்தோடு, சட்டென்று மலாய்க்கு மாறினாள். செவ்வாய்க்கிழமைச் சந்தையில் அவ்வளவு கடைக்கு நடுவில் உங்கள் கடைக்கு ஆட்களை எப்படிக் கூப்பிடுவீர்கள்?

மொழிபெயர்ப்பாளர் வாயைத் திறப்பதற்குள் ராஜன் பதில் சொல்லிவிட்டான். ஐந்து வருஷப் பழக்கம் அது. "மாரி, மாரி! டுவா அம்பில், சத்து பெர்சுமா!" வாங்க, வாங்க, இரண்டு எடுத்தால் ஒன்று இலவசம். அதோடு நிற்காமல், மழை பெய்தால் எப்படி விற்பான், பேரம் பேசும் மாக்சிக்கிடம், அதாவது மலாய் அம்மாமார்களிடம், என்ன சொல்வான் என்று சரளமான மலாயில் அடுக்கினான். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நீதிபதி எழுதுவதை நிறுத்தித் தலையை உயர்த்தினார்.

ராஜனுக்கு அப்போதுதான் உறைத்தது. உதட்டை நக்கிக்கொண்டு அக்காவைப் பார்த்தான். சிறுவயதில் எதையாவது உடைத்துவிட்டு, அவள் தன் மேல் பழியைப் போட்டுக்கொள்வாளா என்று பார்ப்பானே, அந்தப் பார்வை. குமுதா கண்ணை எடுக்கவில்லை.

"மெலங்கார் என்று யார் சொல்லச் சொன்னது?" சிவமலர் மலாயிலேயே கேட்டாள்.

ராஜன் மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தான். நீதிபதி கேள்விக்குப் பதில் சொல்லும்படி சொன்னார்.

"பாஸ்," என்றான் ராஜன்.

"எந்த பாஸ்? பெயர் சொல்லுங்க."

"இராமலிங்கம். ஆஸ்பத்திரி கேன்டீன்ல கூப்ட்டு வெச்சு, இந்த வார்த்தையத்தான் சொல்லணும்னாரு. லோரி ஓட்டுற வேலை தரேன்னாரு."

கடைசி இரண்டு வாக்கியமும் தமிழில் வந்தன. மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு சொல்லாக மலாயில் திருப்பிச் சொன்னார். அந்த அறையில் இருந்த எல்லாரும் இரண்டு மொழியிலும் கேட்டார்கள். இராமலிங்கம் மடியில் கோத்திருந்த கைகளைப் பிரித்து, சட்டைப் பொத்தானைத் தடவினார். அவர் கழுத்து சிவப்பதைக் குமுதா சாவகாசமாகப் பார்த்தாள். இரண்டு வருஷம் காத்திருந்ததற்கு அந்த நிறம் பரவாயில்லை என்று இருந்தது.

மறுநாளே ராஜனை வேலையை விட்டு எடுத்தார்கள். அவன் ஸ்ரீ கெம்பாங்கானில் நண்பன் வீட்டுக்குப் போய்விட்டான். நல்லம்மாள் மகளிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டு, சோற்றைப் போட்டு மூடி வைப்பாள்.

தீர்ப்பு இரண்டு மாதம் கழித்து வந்தது. ராஜன் மூன்று முறை மூன்று விதமாகச் சொன்னவன், அவன் வார்த்தையில் எதையும் நம்ப முடியாது என்றார் நீதிபதி. போலீஸ் வரைந்த படத்தை வைத்தே முடிவு செய்தார். லோரிதான் குறுக்கே வெட்டியது, நூற்றில் எண்பது பங்குத் தவறு அதனுடையது. சிக்னல் போடவில்லை என்பதற்குக் குமுதாவின் சொல்லைத் தவிர வேறு சாட்சி இல்லை. அவளும் வேகத்தைக் குறைத்திருக்கலாம். இருபது பங்கு அவளுடையது.

தாழ்வாரத்தில் சிவமலர் வழக்குக் கோப்பை மூடியபடி சொன்னாள். அவள் குரலில் கோபம் கொஞ்சம் இருந்தது. "அந்தக் கேள்விக்குத் தேவையே வராம இருந்திருந்தா நூறு பங்குத் தப்பும் லோரி மேலதான் விழுந்திருக்கும்."

"தெரியும் மேடம்."

"அந்த இருபதுக்கு அப்பீல் போகலாம். முப்பது நாளுக்குள்ள முடிவு சொல்லுங்க."

"வேணாம். அது நான் தெரிஞ்சே வெலையாக் குடுத்தது. திரும்பக் கேட்டா அசிங்கம்." குமுதா குச்சியை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். "அன்னைக்கு அவன் கூண்டுல சொன்னது கோர்ட்டு குறிப்புல இருக்குமா? பேரோட?"

"இருக்கும். விண்ணப்பிச்சா நகல் தருவாங்க."

"எடுத்துக் குடுங்க."

"எதுக்கு?"

"அடுத்த மாசம் கோயில் ஆண்டுக் கூட்டம். இராமலிங்கம் மறுபடியும் தலைவருக்கு நிக்கிறாரு."

சிவமலர் மூடிய கோப்பைத் திறந்து பேனாவை எடுத்தாள். "பகிரங்கக் குறிப்புத்தான், தடை ஒண்டும் இல்ல. எத்தனை பிரதி வேணும்?"

"உறுப்பினருங்க எத்தனை பேரோ, அத்தனை."