தீவில் விட்டுவந்த மாமி

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது என் மாமியை ஓர் ஏரியின் நடுவே இருந்த தீவில் விட்டுவிட்டு வந்தேன். மறந்துபோய் விட்டுவிட்டு வரவில்லை. தெரிந்தே, மூன்று பொய் சொல்லி, மிகவும் திறமையாக விட்டுவிட்டு வந்தேன்.

அப்போது மல்வேர்னில் எங்கள் சின்ன வீட்டில் ஏழு பேர் இருந்தோம். அம்மா, அப்பா, நான், இரண்டு தம்பிமார், அம்மாவின் தம்பியான மாமா, அவரைக் கலியாணம் செய்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒரு வருடமேயான மாமி. மாமாவும் மாமியும் ஹோலில், விரித்தால் கட்டிலாகும் சோஃபாவில் படுத்தார்கள். குசினிக்குப் போவதென்றால் அவர்களைத் தாண்டித்தான் போகவேண்டும். மிசிசாகாவில் விமான நிலைய வேலைக்குப் போகும் அப்பா நாலரை மணிக்கே தேத்தண்ணி போட எழும்பிவிடுவார். ஆறு மணிக்குத் தம்பிமார் கார்ட்டூன் பார்க்க வந்து சோஃபாவின் விளிம்பில் ஏறியிருப்பார்கள். மாமி பாண் சுடும் தொழிற்சாலையில் பின்னேர வேலை முடித்து நடுச்சாமம் தாண்டித்தான் வருவாள். டிவிக்கு முன்னாலேயே படுக்கக் கிடைத்த அவளைப் போல அதிர்ஷ்டசாலி வீட்டில் வேறு யாருமில்லை என்பது என் எண்ணம்.

அந்தக் கோடையில் எங்கள் பக்கத்துச் சமூக நிலையம் குடும்பங்களுக்காக ஒரு கனூப் படகுப் பயணம் ஒழுங்கு செய்தது. வடக்கே இரண்டரை மணி நேரம் பஸ்ஸில் போய், ஓர் ஏரியில் துடுப்புப் போட்டுத் தீவுகளைப் பார்த்து வரவேண்டும். அப்பா தம்பிமாருடன் வீட்டில் நின்றார். நாங்கள் நால்வர் போனோம். வழிகாட்டியோடு சேர்த்து மொத்தம் பன்னிரண்டு பேர், நான்கு கனூக்கள்.

வழிகாட்டி, முகமெல்லாம் வெயிலில் சிவந்த ஓர் இளம்பெண். எனக்கு நீந்தத் தெரியும், அவளுடைய ஆங்கிலத்தை எங்கள் ஆட்களுக்குத் தமிழில் சொல்லவும் தெரியும் என்று கண்டதும் என் கழுத்தில் ஒரு விசிலை மாட்டி, ஆட்களை எண்ணும் பொறுப்பை என்னிடம் தந்தாள். ஒரு தரம் ஊதினால் எல்லாரும் நிற்கவேண்டும். மூன்று தரம் ஊதினால் ஆபத்து. இன்று யோசித்தால் அவள் செய்தது பெரிய பிழை. அன்றைக்கோ, அவளுக்கு ஆளை மதிக்கத் தெரிந்திருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

இரண்டாவது தீவில் இறங்கிச் சாப்பிட்டோம். தீவென்றால் ஒரு பெரிய பாறை, பத்துப் பன்னிரண்டு பைன் மரங்கள், கொஞ்சம் புளூபெரிச் செடி, அவ்வளவுதான். சாப்பாட்டுப் பைகளை அங்கேயே வைத்துவிட்டு, அருகிலிருந்த குட்டித் தீவுகளைச் சுற்றிப் பார்த்து அரை மணித்தியாலத்தில் திரும்பி வந்து எடுக்கலாம் என்றாள் வழிகாட்டி. அதை நான் தமிழில் சொல்லி முடித்ததும் மாமி என்னை ஒரு மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"பிள்ளை, நான் இதிலை கொஞ்ச நேரம் தனிய இருக்கப்போறன். நீங்கள் திரும்பி வரேக்கை ஏறுறன். ஒருத்தருக்கும் சொல்லாதை."

"பயமில்லையோ மாமி?"

"எனக்கென்ன பயம்."

ஏன் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. ஒரு பெரிய ஆள் என்னிடம் இரகசியம் ஒப்படைத்திருக்கிறாள். அதுவே போதுமாக இருந்தது. காலையில் மாமியோடு கனூவில் வந்த இரண்டு சகோதரிகளிடம், மாமிக்குத் தலையிடி, எங்களோடு வருகிறாள் என்றேன். எங்கள் கனூவில் இருந்த மாமாவிடம், மாமி அந்தச் சகோதரிகளோடு முன்னால் போய்விட்டாள் என்றேன். மாமா கண்ணாடி தண்ணீரில் விழுந்துவிடும் என்று கழற்றிப் பைக்குள் வைத்திருந்தார். அது இல்லாமல் அவருக்கு எட்ட இருக்கும் மரமும் ஒன்றுதான், மனிதரும் ஒன்றுதான். அம்மா காலையிலிருந்து கனூவின் இரண்டு விளிம்பையும் பிடித்தபடி பிள்ளையாரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். வழிகாட்டி முன்னாலிருந்து கைகாட்டிக் கேட்டாள். பன்னிரண்டு என்று உரத்துச் சொன்னேன். புறப்பட்டோம்.

கால் மணித்தியாலத்தில் காற்று மாறியது. பளிங்கு மாதிரிக் கிடந்த தண்ணீரில் வெள்ளை வெள்ளையாக நுரை எழும்பியது. வழிகாட்டி வானத்தைப் பார்த்துவிட்டு, இனிச் சுற்றவேண்டாம் என்றும், பைகளை நாளைக்குத் தானே வந்து எடுத்துக்கொள்வதாகவும் இப்போது நேரே கரைக்குப் போகவேண்டும் என்றும் சொன்னாள். எல்லாருக்கும் அதைத் தமிழில் சொல்லும்படி என்னைப் பார்த்தாள்.

நான் விசிலை எடுத்து மூன்று தரம் ஊதினேன்.

பதினொன்று என்றேன். அந்த ஒரு சொல்லிலேயே அவள் முகம் வெளிறியது. மாமி தனிய இருக்கவேண்டுமென்று அந்தத் தீவிலேயே நின்றுவிட்டதை இரண்டு மொழியிலும் சொன்னேன். அவள் என்னை ஏசவில்லை. எல்லாக் கனூக்களையும் அருகிலிருந்த தீவின் காற்றுப்படாத பக்கம் ஒதுக்கி, ஆட்களை இறக்கிவிட்டு, மாமாவை முன்னால் இருத்தித் துடுப்பைக் கொடுத்தாள். மொழிக்காக என்னை நடுவில் இருத்தினாள். அம்மா தடுக்கப் பார்த்தாள். நான் அதற்குள் ஏறிவிட்டேன்.

அலை கனூவின் மூக்கில் அடித்து எங்களை நனைத்தது. மாமா துடுப்பை வலித்தபடி, மாமிக்குச் சொல்லப்போவதையெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"சின்னப்பிள்ளையைப் பொய் சொல்ல வைக்கிறதோ? இண்டைக்கு இருக்கு அவளுக்கு. கண்டறியாத தனிமை."

கொஞ்சத் தூரம் போனதும் சத்தம் குறைந்தது. பிறகு, மாமி கால் தவறித் தண்ணீருக்குள் விழுந்திருப்பாளோ என்று என்னைக் கேட்டார். விழமாட்டாள் என்றேன். எனக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை. நான் அவ்வளவு உறுதியாகச் சொன்னேன்.

தீவின் கரையில் மாமி இல்லை. மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஓடிப்போய்ப் பாறைக்கு மேலே ஏறினார். ஏறியவர் அப்படியே நின்றுவிட்டார். நானும் பின்னால் ஏறிப் பார்த்தேன். பாறையின் மறுபக்கம், காற்றுப் படாத ஒரு பள்ளத்தில், லைஃப் ஜக்கெற்றைத் தலைக்கு வைத்து, கையையும் காலையும் அகல விரித்து மாமி நித்திரையாகக் கிடந்தாள். அவள் அப்படிப் படுத்து நான் பார்த்ததில்லை. சோஃபாவில் எப்போதும் சுவர்ப்பக்கம் திரும்பிச் சுருண்டுதான் கிடப்பாள்.

மாமா ஏசப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் மெதுவாக இறங்கிப்போய் அவளுக்குப் பக்கத்தில் குந்தினார். வழிகாட்டி மேலே வந்து பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள், ஐந்து நிமிடம் என்று விரலைக் காட்டினாள். அந்த ஐந்து நிமிடமும் மாமா அவளை எழுப்பவில்லை. பிறகு தோளைத் தொட்டார். மாமி கண்ணைத் திறந்து அவரையும் என்னையும் பார்த்தாள்.

"அதுக்குள்ளை அரை மணித்தியாலம் முடிஞ்சுதோ?"

அவளை மீட்க அலைக்குள்ளால் வந்தவர்கள் நாங்கள். ஒரு நன்றிகூட இல்லை. பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு அதுதான் பெரிய மனக்குறை. மாமா வழியெல்லாம் மாமியின் கையைப் பிடித்திருந்தார்.

இரண்டு மாதத்தில் அவர்கள் அஜக்ஸில் ஒரு வீட்டின் பேஸ்மென்டுக்குக் குடிபோனார்கள். என் பொய்யினால் கோபித்துக்கொண்டுதான் போகிறார்கள் என்று இரண்டு நாள் அழுதேன். முதல் தரம் பார்க்கப் போனபோது மாமி என்னைக் கூட்டிக்கொண்டு போய் ஓர் அறையின் கதவைத் திறந்து காட்டினாள். உள்ளே நிலத்தில் ஒரு மெத்தை மட்டும் கிடந்தது.

"ஒண்டுமில்லையே மாமி," என்றேன்.

"ஓம் பிள்ளை," என்று சிரித்தாள். "ஒண்டுமில்லை, ஒருத்தருமில்லை." பிறகு கதவைச் சாத்தினாள். சரியாகத்தான் சாத்தியிருக்கிறதா என்று பார்ப்பதுபோல் திறந்து இன்னொரு தரம் சாத்தினாள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், மாமி பாவம், பார்ப்பதற்கு ஒரு டிவிகூட இல்லை என்று அம்மாவிடம் இரகசியமாகச் சொன்னேன்.